ஷாஹி பனீர்: குறிப்பில் விடுபட்ட சூடும் நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஷாஹி பனீர் குறிப்பில் பொருட்கள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. எதை எந்தச் சூட்டில், எத்தனை நிமிடம் என்பதுதான் இல்லை. வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, தயிர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, பனீரைப் போட்டு 15 நிமிடம் வேகவைக்கச் சொல்கிறது ஒரு வரி. அதை நம்பிச் செய்தால் கிரேவி பழுப்பேறும், தயிர் திரிந்துபோகும், பனீர் ரப்பராகும். முந்திரியும் பனீரும் விற்கிற விலையில் இதைச் சின்னப் பிழை என்று விட முடியவில்லை.

டெல்லி தாபாக்களில் தக்காளி சேர்த்துச் சிவப்பாகச் செய்கிறார்கள். முகலாய வழியில் வரும் ஷாஹி பனீரோ வெளிர் மஞ்சளாக இருக்கும். அந்த நிறத்துக்கு வெங்காயம் சிவக்கவே கூடாது, வேகவைக்க வேண்டும். நான்கு பேருக்கு 250 கிராம் பனீர் என்றால், இரண்டு பெரிய வெங்காயம் (200 கிராம் வரும்), 20 முந்திரி, வெந்நீரில் ஊறவைத்துத் தோலுரித்த 8 பாதாம், ஒரு மேசைக்கரண்டி வெள்ளரி விதை, 2 பச்சை மிளகாய், ஓர் அங்குல இஞ்சி, 4 பல் பூண்டு. இத்தனையையும் ஒன்றரை டம்ளர் தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் வேகவிடலாம். வெங்காயத்தைப் பச்சையாக அரைத்தால் கசப்பு தட்டும், பிறகு எவ்வளவு வதக்கினாலும் போகாது. முந்திரி முழுசாக இருக்க வேண்டியதில்லை, உடைத்த முந்திரியே போதும். ஆனால் வாங்கியதும் ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் எந்த மசாலாவும் அதை மறைக்காது.

வெந்ததை வடிகட்டி, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து வையுங்கள். நன்றாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூட்டோடு மிக்ஸியில் போட்டால் ஆவி மூடியைத் தள்ளிவிடும். எடுத்துவைத்த தண்ணீரில் நாலு மேசைக்கரண்டிக்கு மேல் ஊற்றாதீர்கள். நீர்த்துப்போனால் பருப்பு பிளேடில் சிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். விழுதைக் கொஞ்சம் எடுத்து இரு விரலுக்கு நடுவில் தேய்த்தால் வெண்ணெய்போல் வழுக்க வேண்டும். மணல்போல் நெருடினால் இன்னும் இரண்டு நிமிடம் ஓட்டி, கண் சிறுத்த வடிகட்டியில் வடித்துக்கொள்ளலாம்.

அடி கனத்த பாத்திரத்தில் 2 மேசைக்கரண்டி நெய், 1 மேசைக்கரண்டி எண்ணெய், அதில் 4 ஏலக்காய், 3 கிராம்பு, ஒரு துண்டு பட்டை, ஒரு பிரிஞ்சி இலை. வாசம் வந்ததும் விழுதைப் போட்டு, சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம் கிளற வேண்டும். முந்திரியில் மாவுச்சத்து இருப்பதால் சூடேறியதும் இறுகி அடிப்பிடிக்கும். இந்தப் பத்து நிமிடமும் அடுப்பை விட்டு நகரக் கூடாது. அடியில் ஒரு பொட்டு கருகினாலும் அந்தத் தீய்ந்த வாசம் முழுதும் ஏறிவிடும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் உடனே மூடாமல் நிற்கும், ஓரத்தில் நெய் சின்னச் சின்னப் பொட்டுகளாகக் கசியும். அதுதான் பதம்.

அடுத்து தயிர். அரை கப், புளிக்காதது, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியில் இருந்தது, கட்டியில்லாமல் அடித்தது. பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கலக்கி, மறுபடி சிறு தீயில் ஏற்றவும். தயிரின் புரதம் அதிகச் சூட்டில் சுருங்கித் தண்ணீரைத் தனியாகத் தள்ளிவிடும். திரிதிரியாவது அதனால்தான். மோர்க்குழம்பில் துவரம்பருப்பும் அரிசியும் அரைத்து விடுகிறோமே, அது செய்யும் வேலையைத்தான் இங்கே முந்திரி விழுது செய்கிறது. அதனால் விழுதுக்குப் பிறகே தயிர், முன்னால் இல்லை. தக்காளி போடுபவர்கள் தயிரைத் தவிர்ப்பது நல்லது. இரண்டு புளிப்பும் சேர்ந்தால் திரிவதும் எளிது, முந்திரியின் மென்மையும் காணாமல் போகும்.

பிறகு எடுத்துவைத்த தண்ணீர் ஒரு கப், உப்பு, அரைத் தேக்கரண்டி வெள்ளை மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி சர்க்கரை சேர்த்து ஐந்து நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். மஞ்சள்தூள் வேண்டாம். வெதுவெதுப்பான பாலில் ஊறிய பத்து இழை குங்குமப்பூவே நிறம் தரும்.

கிரீம் ஊற்றினால்தான் கெட்டியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். கிரேவிக்கு உடம்பு தருவது முந்திரி. கிரீம் தருவது வழவழப்பு மட்டுமே, அதற்கு 3 மேசைக்கரண்டி போதும், அதுவும் அடுப்பை அணைத்த பிறகு. கெட்டியாக வேண்டும் என்று முந்திரியை நாற்பதாக்கினால் திகட்டும், ஆறியதும் களிபோல் இறுகும். செலவைக் குறைக்கப் பொட்டுக்கடலை சேர்ப்பவர்களும் உண்டு. அப்போது கிரேவியில் தேங்காய்ச் சட்னி வாசம்தான் வரும்.

பனீர் கடைசி மூன்று நிமிடத்துக்கு மட்டுமே, கிரீமுக்கு முன்னால். புளிப்பு ஊற்றித் திரித்த பால் என்பதால் அது சீஸ்போல் உருகாது. ஆனால் கொதிக்கக் கொதிக்க உள்ளிருக்கும் நீரை இழந்து இறுகிவிடும். துண்டுகளை உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் குளிரில் விறைத்தது இளகி, உப்பும் உள்ளே இறங்கும். இந்தக் கிரேவிக்கு எண்ணெயில் பொரிக்க வேண்டியதில்லை. பொரித்தால் மேல்தோல் தடித்துச் சாறு உள்ளே போகாது.

பாலின் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்த போலிப் பனீரும் விற்பனைக்கு வருவதால் பொட்டலத்தின் பொருள் பட்டியலை வாசித்து வாங்குவது அவசியம். மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு துண்டை வேகவைத்து ஆறவிட்டு இரண்டு சொட்டு டிங்சர் அயோடின் விடலாம். நீலமானால் மாவு உண்டு. நீலமாகவில்லை என்பதற்காக அசல் என்று முடிவு கட்ட முடியாது, எண்ணெய்க் கலப்பை அயோடின் காட்டாது. சோதித்த துண்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். முந்திரியும் பாதாமும் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். அரைத்து ஊற்றிய கிரேவியில் அவை இருப்பது கண்ணுக்குத் தெரியாது. விருந்தினர் கேட்காமலே சொல்லிவிடுவது நல்லது. இத்தகைய குறிப்புகளின் தலைப்பிலேயே தாங்கள் ஒரு வரி சேர்த்து, அவர்களுக்கான மாற்றையும் தரலாம்: இரண்டு பருப்பையும் விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் ஊறிய வெள்ளரி விதை 4 மேசைக்கரண்டி. கிரேவி சற்று இளக்கமாக வரும், அதனால் தண்ணீரை அரை கப்பாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை.