பழைய மேஜையும் புது ஆபீசும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஆபீஸ் உள்வேலை பேச நாகர்கோவில் கடைக்கு வருபவர்கள் இப்போது அடிக்கடி கேட்பது இதுதான்: "தாத்தா காலத்து ஈட்டி மர மேஜை ஒண்ணு வீட்டில கிடக்கு, புது ஆபீசில போட்டா ஒட்டுமா?" வக்கீல்களும் ஆடிட்டர்களும் கேட்டது போக, கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தும் பிள்ளைகளும் கேட்கிறார்கள். தாராளமாக ஒட்டும். எங்கள் கணக்கு ஒன்றுதான்: கண் படும் இடத்தில் பழசு, உடம்பு உழைக்கும் இடத்தில் புதுசு.

அந்த மேஜையையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்து மேஜைகள் பெரும்பாலும் 30, 31 அங்குல உயரம். பேனா பிடித்து எழுத அது சரி. அதிலேயே கீபோர்டை வைத்து நாள் முழுக்கத் தட்டினால் தோள் தூக்கியே நிற்கும், சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொள்ளும். கீபோர்டு வைக்க நடு இழுப்பறையை அறுத்துத் தரச் சொல்கிறார்கள். அதை நாங்கள் செய்வதில்லை. மேஜையைக் கட்சிக்காரர் எதிரே உட்காரும் இடத்தில் அப்படியே போட்டு, பக்கவாட்டில் பிளைவுட்டில் 28 அங்குல உயரத்துக்கு ஒரு சின்ன மேஜை சேர்த்துவிடுவோம். கம்ப்யூட்டர், பிரிண்டர், ஒயர் எல்லாம் அங்கே போய்விடும். பழைய மரத்தில் ஒரு துளைகூட விழாது.

பாலிஷ் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய சாமான்களில் இருப்பது பெரும்பாலும் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துப் பூசியது. சானிடைசர் ஒரு சொட்டு சிந்தினாலே இளகி, வெள்ளைத் திட்டு விழும். சூடான டீ கிளாஸ் வட்டம் போடும். மேலே கண்ணாடி போடலாம். ஆனால் மரத்தோடு ஒட்ட வைக்காதீர்கள், நம்ம ஊர் ஈரத்துக்கு அடியில் பூசணம் பிடிக்கும். மூலைக்கொரு சிலிக்கோன் பொத்தான் வைத்தால் காற்று போகும்.

பிரம்பு நாற்காலிகள் வரவேற்பறைக்கு அழகு. எட்டு மணி நேரம் உட்காருகிறவருக்கு வேண்டாம்.

பழமை என்றதும் செதுக்குத் தூண், யாளி என்று ஆரம்பிப்பவர்களை, பத்மநாபபுரம் அரண்மனையை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு வரச் சொல்வோம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரம்தான். மன்னர் அமைச்சர்களோடு ஆலோசனை நடத்திய மந்திரசாலையும் ஒருவகையில் ஆபீஸ்தானே! சாய்வாக வரிசை கட்டிய மரச்சட்டங்கள், ஜன்னலில் நிறம் பூசிய அப்ரக (மைக்கா) தகடு, பளபளக்கும் கறுப்புத் தரை. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தில், தாமரைகள் செதுக்கிய மரக்கூரைக்குக் கீழே, சீன வணிகர்கள் கொடுத்த ஆசனம் கிடக்கிறது. கலந்து வைப்பதை நாம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மேற்கு வெயில் அடிக்கும் ஆபீசுகளுக்கு நாங்கள் போடும் மரச்சட்டத் தடுப்பு அங்கே பார்த்ததுதான். செதுக்கு வேலை கிடையாது, நேர்கோடு மட்டும். அதற்குப் பக்கத்தில் கண்ணாடி பார்ட்டிஷன் நின்றாலும் இடிக்காது.

புது பிளைவுட்டை அடித்து, சுரண்டி, பழசு மாதிரி ஆக்கித் தரச் சொல்பவர்களுக்கு மட்டும் மன்னிக்கவும் என்று சொல்லிவிடுகிறோம். அந்தக் காசுக்கு, இடித்த ஓட்டு வீட்டிலிருந்து வரும் நிஜமான கதவு ஒன்றே வாங்கிவிடலாம்.

விளக்கு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 6500 கெல்வின் பளீர் வெள்ளையில் தேக்கு வெளிறிப்போகும். பழைய மரம் இருக்கும் பக்கம் மஞ்சள் கலந்த 3000, வேலை செய்யும் இடத்துக்கு 4000 கெல்வின் போதும். குளச்சல், முட்டம் பக்கம் ஆபீஸ் என்றால் கைப்பிடி, கீல் எல்லாம் பித்தளை அல்லது நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்தான் போடுவோம். உப்புக்காற்றுக்கு இரும்பு நிற்காது.

வீட்டிலிருந்து சாமான் அனுப்பும் முன் கால்களுக்கு அடியில் மாவு போலத் தூள் கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் பூச்சி, விழுந்திருக்கிறது. மருந்து அடித்த பிறகே ஆபீசுக்குள் ஏற்ற வேண்டும்.

அப்புறம், தையில் பால்காய்ப்பு வைக்க நினைப்பவர்கள் பாலிஷ் வேலைக்கான சாமான்களை ஆவணிக்குள் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் பூசினால் பாலிஷ் வெளுத்துப்போகும், அந்த இரண்டு மாதமும் நாங்கள் பாலிஷ் வேலை எடுப்பதில்லை.

இப்படிக்கு,
கடையினர்