பெடியனின் போனைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறா. நீ அனுப்பிய காசு வந்தது. இனிமேல் இவ்வளவு அனுப்ப வேண்டாம் என்று முன்பும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

உன் குரல் பதிவைக் கேட்டேன். பெடியனின் போனைப் பறித்து அலுமாரியில் பூட்டிவிட்டாய், அவன் முகம் கொடுத்துக் கதைக்கிறான் இல்லை, அம்மப்பா கண்டித்தால் கேட்பான் என்கிறாய். கண்டிக்கிறேன். அதற்கு முதல் உனக்குச் சிலது சொல்ல வேண்டும். போனில் தொடங்கினால் வேலைக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தப் பப்ஜி என்கிற போன் கேமால்தான் கத்துகிறான், கெட்டுப் போனான் என்கிறாய். நான் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் ஒன்று சொல்லியிருக்கிறது: சுடுகிற, வெட்டுகிற கேம்கள் பிள்ளைகளைப் பெரிய வன்முறைக்குக் கொண்டுபோகும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. ஆனால் கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு ஒரு சிறிய தொடர்பு இருக்கிறது. ஆகவே நீ சொல்வது முழுப் பொய்யும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் கேம் விளையாட்டுக் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்தது, அந்தப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பார். விளையாட்டை நிறுத்த முடியாமல் போக வேண்டும், மற்ற எல்லாவற்றையும் விட அதுவே பெரிதாக வேண்டும், கேடு வந்த பிறகும் விடாமல் தொடர வேண்டும். வழக்கமாக ஒரு வருடமாவது இப்படி இருந்து, படிப்பும் வீடும் குலைந்தால்தான் அந்தப் பெயர்.

உன் பிள்ளை ஆடி மாதம் இங்கே திருகோணமலையில் நின்றானே. டச்சுபேக் கடலில் இறங்கினால் இருட்டும்வரை கரைக்கு வரமாட்டான். கோட்டைக்குள் மான்களின் பின்னால் திரிந்தான், கோணேசர் படியில் என்னை முந்தி ஓடி மேலே நின்று கூப்பிட்டான். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. நான் டாக்டர் இல்லை, ஆனால் அந்தப் பிள்ளைக்கு நோய் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பூட்டி வைத்தால் சரிவரும் என்று அரசாங்கங்களே நினைத்தன. தென்கொரியாவில் 2011இல் சட்டம் போட்டார்கள், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இரவு 12 மணியிலிருந்து காலை 6 மணிவரை இணையக் கேம் விளையாட முடியாது என்று. பத்து வருடம் வைத்திருந்து 2022 பிறக்கும்போது அதை எடுத்துவிட்டார்கள். பெற்றோரும் பிள்ளையும் பேசி நேரத்தைத் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். சீனாவில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2021 தொடக்கம் வெள்ளி, சனி, ஞாயிறிலும் விடுமுறை நாட்களிலும் இரவு 8 முதல் 9 வரை மட்டும்தான். அவர்கள் ஏன் அவ்வளவு பயந்தார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. பிள்ளையின் தூக்கம் போனால் எல்லாம் போகும்.

தூக்கத்தைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

போன சனிக்கிழமை மத்தியானம் வேலிக்கு அந்தப் பக்கம், கிணற்றடி வீட்டு விறாந்தையில், உன் மகனின் குரல் கேட்டது. பெடியன் வந்துவிட்டானாக்கும் என்று அம்மா கையைக் கூடத் துடைக்காமல் ஓடினா. அங்கே அந்த வீட்டுப் பேரன் பப்ஜி விளையாடிக்கொண்டிருந்தான், குரல் அவனுடைய போனிலிருந்து வந்தது. ஆடியில் ஒன்றாகக் கடலில் குளித்த நாலு பெடியன்களும் ஒரே அணி. இங்கே பள்ளிக்கூடம் இல்லாத நாள், 12 மணி. உங்களுக்கு இரவு இரண்டரை.

"ஏன்டா இன்னும் படுக்கேல்ல?" என்று இவன் கேட்டான்.

"வீட்டில ஒருத்தரும் இல்ல" என்றான் உன் பெடியன்.

வெள்ளி இரவு நீ வேலைக்குப் போவது எனக்குத் தெரியும். ஒருத்தரும் இல்லை என்று பிள்ளை சொன்னதைப் பற்றி நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்க மாட்டா. ஆனால் வீடியோவில் நீ எப்போதும் குசினிச் சுவருக்கு முன்னால்தான் நிற்கிறாய். தைப்பொங்கலுக்குப் பிறகு மருமகனின் முகத்தை நாங்கள் காணவில்லை. அம்மா சுகம் விசாரித்தால் வேறு கதைக்குப் போய்விடுகிறாய். எங்களிடம் எதை மறைக்க வேண்டும், பிள்ளை?

சரி, அதை விடு.

சின்ன வயதில், ஊரடங்கு நாட்களில் நீயும் தம்பியும் சிமினி விளக்கில் கரம் போர்ட் அடித்துக்கொண்டே இருப்பீர்கள். சத்தம் ரோட்டுக்குக் கேட்கும் என்று அம்மா பலகைக்குக் கீழே சாக்கு விரிப்பா, பறிக்க மாட்டா. வெளியே போக முடியாத பிள்ளைக்குக் கையில் ஏதாவது வேண்டும், கூட யாராவது வேண்டும். உன் பெடியன் அந்த நேரத்தில் தேடுவது இந்த ஒழுங்கைப் பெடியன்களை. எங்கள் தமிழைக் கேட்டுக் கேட்டுத் திருப்பிக் கதைக்கிறான். அது எனக்குச் சந்தோஷம். இரண்டரை மணி என்பதுதான் தாங்கவில்லை.

ஆகவே போனைத் திருப்பிக் கொடு, ஆனால் படுக்கிற அறைக்குள் வேண்டாம். இரவில் ஹோலில் சார்ஜில் கிடக்கட்டும், உன்னுடைய போனும் அங்கேயே கிடக்கட்டும். கிணற்றடிப் பேரனிடம் கேட்டு ஒன்று தெரிந்துகொண்டேன். நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசியில் மிஞ்சுகிற அணி வெல்கிற விளையாட்டாம், ஒரு ஆட்டம் அரைமணி நேரமளவில் போகும், நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. நடுவில் எழும்பினால் மற்ற மூன்று பேரையும் விட்டுவிட்டு ஓடியதாகிவிடும். நீ சாப்பிடக் கூப்பிட்டதும் அவன் கத்துவதில் பாதி அதனால்தான். ஆட்டம் தொடங்க முன் சொல்லு, இதோடு சரி என்று. முடிந்ததும் எழும்பாவிட்டால் அப்போது கண்டி.

உன் வங்கிக் கார்டை அதில் பதிந்து வைக்காதே. ஃபோர்ட்நைட் கேமின் கம்பனி ஆட்களை ஏமாற்றி வாங்க வைத்தது என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் பிடித்து, 2022இல் 24 கோடியே 50 லட்சம் டொலர் திருப்பிக் கொடுக்க வைத்தது. பெரிய ஆட்களே ஏமாறுகிற இடத்தில் பிள்ளை என்ன செய்யும்? மைக்கில் அணியில் உள்ளவர்களோடு மட்டும் கதைக்கிற மாதிரி மாற்றலாமாம், அதையும் மாற்றிவிடு. ஒருநாள் பக்கத்தில் இருந்து ஒரு ஆட்டம் முழுதாகப் பார். யார் யார் குரல் கேட்கிறது என்று உனக்கே தெரியவரும். தூக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதே. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபிக்காதே.

நீ கெட்ட தாய் இல்லை. ஒருத்தியாக நின்று வாடகையும் கட்டி, பிள்ளையையும் படிப்பித்து, எங்களுக்கும் அனுப்புகிறாய். கோயிலடியில் யாராவது விசாரித்தால் அம்மா உன்னைப் பற்றிச் சொல்லி முடிக்கவே நேரம் போகும். ஆனால் அவவுக்கு நீ எடுத்தும் கனநாள், மகள். காசு வருகிறது, குரல் வருவதில்லை.

பெடியனை நான் ஞாயிற்றுக்கிழமை கண்டிக்கிறேன், உங்களுக்குச் சனி இரவு. கிணற்றடிப் பேரனிடமும் சொல்லிவிட்டேன், இனி எங்கள் காலை 7 மணிக்கு விளையாடுவார்கள், உங்களுக்கு இரவு ஒன்பதரை. பத்தரைக்கு நிறுத்த வேண்டும், அங்கே நீ பார்த்துக்கொள், இங்கே நான் விறாந்தையில் இருப்பேன். வெள்ளி இரவு வேலையைப் பகலுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார். சம்பளம் குறைந்தால் குறையட்டும், எங்களுக்கு என் பென்சன் காணும். வருகிற ஆடிக்கு நீயும் பெடியனும் வாருங்கள், இரண்டு டிக்கெட்டுக்கும் காசு வைத்திருக்கிறேன். அந்த நேரம் கடலும் அமைதி. எவ்வளவு நாள் நிற்க விருப்பமோ அவ்வளவு நாள் நில்லுங்கள், ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
அப்பா