பட்டமளிப்பு விழாவில் கலந்துகொள்ள ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை கோரும் மனு

அனுப்புநர்:
முன்னாள் மாணவி, பி.எஸ்சி. கணிதம்,
அரசு கலை அறிவியல் கல்லூரி,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: அரசு உதவித்தொகையில் படித்து முடித்தவர்களுக்குப் பட்டமளிப்பு விழாச் செலவுக்கு ஒருமுறை தொகை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அப்பா செங்கல் சூளைத் தொழிலாளி. அம்மா களையெடுக்கப் போகிறார். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என் கணக்குக்கு வந்தது. தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, சில மாதங்களில் வீட்டுக்கு அரிசிகூட அந்தப் பணத்தில்தான் வாங்கினோம். அது இல்லையென்றால் இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை நிறுத்தியிருப்பேன். இந்த நன்றியைச் சொல்லிவிட்டே குறையைச் சொல்கிறேன்.

படிப்பு முடிந்ததும் உதவித்தொகை நின்றுவிடுகிறது. விழாவோ பல மாதங்கள் கழித்து வருகிறது. அப்போது பஸ் பாஸ் இல்லை, விடுதி இல்லை, வேலையும் கிடைத்திருக்காது. விழாக் கட்டணம், அங்கி வாடகை, அங்கிக்கு முன்பணம் என்று என்னிடம் 1,850 ரூபாய் கேட்டார்கள். முந்தின நாளே ஒத்திகைக்கு வர வேண்டும். இரவு தங்க இடம் பார்க்க வேண்டும். மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்தில்தான். வெளியூர் பஸ்ஸுக்கு அம்மாவுக்கும் எனக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். அப்பா வந்தால் இரண்டு நாள் கூலி போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, 'நேரில் வர இயலாது' என்ற கட்டத்தில் நானே டிக் அடித்தேன்.

பட்டம் தபாலில் வந்தது. சூளையிலிருந்து வந்த அப்பா கைகால் கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் அதைத் தொட்டார். "மேடையில் எப்படியம்மா கொடுப்பார்கள்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஐயா, புதிதாக ஒரு திட்டம் தொடங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் பயன்பெற்றவர்களின் யுமிஸ் எண்ணும் (கல்லூரி மாணவர் பதிவு எண்) வங்கிக் கணக்கும் அரசிடம் ஏற்கெனவே இருக்கின்றன. விழாவுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளுக்கு முன்பாக, அதே கணக்கில் கடைசித் தவணையாக 3,000 ரூபாய் செலுத்த ஆணையிட வேண்டுகிறேன். இதற்காக மறுபடியும் வருமானச் சான்றிதழ் கேட்க வேண்டாம். இ-சேவை மையத்துக்கு இரண்டு முறை அலைந்தால் இரண்டு நாள் கூலி போய்விடும்.

அங்கிகளைக் கல்லூரியே தைத்து வைத்துக்கொள்ளலாம். ஒரு முறை தைத்தது பல ஆண்டுகளுக்கு வரும். வாடகையும் வேண்டாம், முன்பணமும் வேண்டாம். வெளியூரிலிருந்து வருபவர்கள் ஒத்திகை இரவு மட்டும் அரசு விடுதியில் தங்கிக்கொள்ளவும் அனுமதிக்க வேண்டுகிறேன்.

எனக்கான விழா முடிந்துவிட்டது. என் தம்பி தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் படித்துக்கொண்டிருக்கிறான். வரும் ஏப்ரலில் அவனுக்குக் கடைசிப் பருவத் தேர்வு. அவனுடைய விழாவுக்காவது அப்பா வந்து உட்காரும்படி, அதற்குள் ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)