சர்வர் பயிற்சியில் சரிபார்ப்பும் இடம்பெற வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடுவயதில் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மாறும் நம்மவர்கள் சிலருக்கு வார இறுதிகளில் லினக்ஸ் சர்வர் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். சிங்கப்பூர் அரசாங்கத்தின் திறன்மேம்பாட்டுத் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சி வகுப்புகளிலிருந்து அவர்கள் கொண்டுவரும் ஷெல் ஸ்கிரிப்டுகளில் (கட்டளைகளை வரிசையாக எழுதித் தானாக ஓடவைக்கும் கோப்புகள்) ஒரே குறையைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். சர்வரின் அமைப்புக் கோப்பை மாற்றும் கட்டளை இருக்கிறது. மாற்றம் உண்மையில் நடந்ததா என்று பார்க்கும் கட்டளை இல்லை.

பெல் ஆய்வுக்கூடத்தில் 1970களில் உருவான ‘செட்’ என்ற கருவியைத்தான் இதற்குப் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். கோப்பை வரி வரியாகப் படித்து, சொன்ன சொல்லை மாற்றித் தருவது அதன் வேலை. தேடிய சொல் கோப்பில் இல்லையென்றாலும், நடுவில் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்ததால் பொருந்தவில்லை என்றாலும், அது பிழை எதுவும் காட்டாமல், வேலை நன்றாக முடிந்ததைக் குறிக்கும் 0 என்ற குறியீட்டோடுதான் திரும்பும். அந்த 0-ஐ மட்டும் நம்பி ‘முடிந்தது’ என்று அறிக்கை எழுதுவது எத்தனை ஆபத்து என்பதை நான் அனுபவத்தில் அறிந்தேன்.

நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில், கடவுச்சொல் வழியாக உள்நுழைவதைத் தடுக்கும் ஒரு வரியை 40 சர்வர்களின் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் சேவை) அமைப்புக் கோப்புகளின் கடைசியில் சேர்க்கும் ஸ்கிரிப்டை அதிகாலை 2 மணிக்கு ஓட்டினோம். பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. ஆனால் சில சர்வர்களில் கோப்பின் இறுதியில், காப்புநகல் எடுக்கும் ஒரே ஒரு பயனருக்கான ‘மேட்ச்’ பகுதி இருந்தது. நாங்கள் சேர்த்த வரி அந்தப் பகுதிக்குள் விழுந்து அவருக்கு மட்டுமே பொருந்தியது. மற்ற எல்லாருக்கும் கதவு திறந்தே கிடந்தது. வேறு சிலவற்றில் அதே அமைப்பு கோப்பின் மேற்பகுதியிலேயே வேறு மதிப்போடு இருந்தது. எஸ்எஸ்ஹெச் முதலில் காணும் மதிப்பையே எடுத்துக்கொள்ளும் என்பதால், கடைசியில் சேர்த்ததற்குப் பயனே இல்லாமல் போயிற்று. மூன்று மாதம் கழித்து நடந்த தணிக்கையில்தான் இது வெளிப்பட்டது. அந்த மூன்று மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது.

ஆகவே, சர்வர் பராமரிப்பைக் கற்பிக்கும் பயிற்சி நிலையங்கள் பின்வருவனவற்றையும் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாற்றுவதற்கு முன் தேதியிட்ட நகல் ஒன்றை எடுத்துவைப்பது, மாற்றிய பின் ‘டிஃப்’ என்ற கருவியைக் கொண்டு இரண்டையும் ஒப்பிடுவது, எஸ்எஸ்ஹெச் சேவையை நடத்தும் ‘எஸ்எஸ்ஹெச்டி’, இணையத்தளங்களை வழங்கும் ‘என்ஜின்எக்ஸ்’ போன்ற நிரல்களில் உள்ள சோதனைத் தெரிவைக் கொண்டு கோப்பைப் பரிசோதித்து, அது தவறென்றால் பழைய நகலை ஸ்கிரிப்டே திரும்ப வைக்கும்படி எழுதுவது ஆகியவற்றுக்குச் சில வரிகளே கூடுதலாகத் தேவைப்படும். ஆனால் சோதனைத் தெரிவு கோப்பை எழுதிய முறையில் உள்ள பிழையைத்தான் பிடிக்கும். எங்களுக்கு நேர்ந்ததைப் போன்ற தவறை அது பிடிக்காது. அதற்குப் பழைய இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு சாளரத்தில் சாதாரணப் பயனராகக் கடவுச்சொல்லைக் கொடுத்துப் பார்த்து, சர்வர் மறுக்கிறதா என்று மாணவர்கள் தாங்களே சோதிக்கப் பழக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈசூன்