லோகோவைத் தொடும் முன்

கண்ணா,

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து அதே நினைப்பாகவே இருக்கிறேன். உங்கள் கம்பெனியின் பெயர், லோகோ, நிறம், எழுத்து எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று ஒரு கூட்டம், கொஞ்சம் மெருகேற்றினால் போதும் என்று இன்னொரு கூட்டம், நடுவில் நீ. முடிவு உன் கையில் என்றதும் பெருமையாக இருந்தது, கொஞ்சம் பதற்றமாகவும் இருந்தது. போனில் சொன்னால் ‘சரிம்மா’ என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கம்பெனியில் உண்மையிலேயே என்ன மாறியிருக்கிறது? விற்கும் பொருளா, வாங்குகிறவர்களா, வேறு கம்பெனியோடு இணைந்துவிட்டீர்களா? ஆண்டர்சன் கன்சல்டிங் என்ற ஆலோசனை நிறுவனம் 2001 தொடக்கத்தில் அக்சென்ச்சர் ஆனதே, அது ஆர்தர் ஆண்டர்சன் என்ற தணிக்கை நிறுவனத்தோடு இருந்த உறவு முறிந்து, பழைய பெயரை விட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்ததால். அப்படி ஒரு காரணம் இருந்தால் முழுவதும் மாற்று, நான் தடுக்க மாட்டேன். ஆனால் விற்பனை மந்தம், புது மேனேஜர் வந்திருக்கிறார், பார்த்துப் பார்த்து சலித்துவிட்டது என்பதெல்லாம் எனக்குக் காரணமாகப் படவில்லை. தினமும் அதைப் பார்ப்பது நீங்கள்தான். வெளியில் இருப்பவர் எப்போதோ ஒரு முறை, அதுவும் ஓரக்கண்ணால் பார்க்கிறார்.

டிராபிகானா 2009-ல் அமெரிக்காவில் தன் ஆரஞ்சுச் சாறு டப்பாவை மாற்றியது. பழத்தில் ஸ்ட்ரா குத்தியிருக்கும் படத்தை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடி டம்ளர் படம் போட்டார்கள். உள்ளே அதே சாறுதான். இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்து, பழைய டப்பாவே திரும்பி வந்தது. அலமாரியில் கை தானாகப் போகிற இடத்தில் தெரிந்த முகம் இல்லை, அவ்வளவுதான். கேப் (Gap) என்ற துணிக் கம்பெனி 2010-ல் மாற்றிய லோகோவை ஒரு வாரத்திலேயே திரும்பப் பெற்றது.

என் கதையையும் சொல்கிறேன், இதை உன்னிடம் சொன்னதே இல்லை. நான் கொள்முதல் பிரிவில் இருந்தபோது எங்கள் கம்பெனியில் லோகோ மாற்றினார்கள். விழா எல்லாம் நடந்தது. அப்புறம்தான் ஒவ்வொன்றாக என் மேஜைக்கு வந்தது: லெட்டர்ஹெட், கவர், பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், யூனிபார்ம், வண்டிகள், அட்டைப் பெட்டிகள், ஒப்பந்தப் படிவங்கள். எங்கெங்கே பழையது இருக்கிறது என்று யாரும் முன்கூட்டியே கணக்கு எடுக்கவில்லை. பாதியிலேயே ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது. இரண்டு வருடம், புது போர்டு மாட்டிய கட்டடத்திலிருந்து பழைய லோகோ போட்ட பில் போய்க்கொண்டிருந்தது. ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, இது உங்கள் பில்தானா, யாராவது போலியாக அனுப்புகிறார்களா என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு வந்த அவமானம் இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் டிசைனரைப் பார்க்கும் முன் அந்தக் கணக்கை எடு. கிடங்கு, கணக்குப் பிரிவு, டிரைவர்கள் எல்லாரையும் கேள், அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தால் பாதிதான் வரும். பெரிய மாற்றத்தைப் பாதிவரைதான் கொண்டுபோகப் பணம் இருக்கிறது என்றால், சின்ன மாற்றத்தை முழுவதும் செய். பெயரைத் தொடுவதாக இருந்தால் டிரேட்மார்க் வக்கீலிடம் முதலிலேயே போ.

இன்னொரு வேலையும் இருக்கிறது, செலவே இல்லை. கம்பெனிக்கு வெளியே, உங்கள் பொருளை வாங்குகிற இருபது பேரிடம் காகிதமும் கலர் பென்சிலும் கொடுத்து, பார்க்காமல் உங்கள் லோகோவை வரையச் சொல். அவர்கள் கையில் எது தானாக வருகிறதோ அதில் கை வைக்காதே. யாருமே வரையாத பகுதியில் உன் இஷ்டம்போல் செய்.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் பெயரும் நிறமும் இருக்கட்டும், போன் திரையில் படிக்க முடியாத அந்த மெல்லிய எழுத்தை மாற்று என்றுதான் சொல்வேன். கூகுள் 2015-ல் எழுத்தை மாற்றியபோதும் நிறங்களின் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டது. மாஸ்டர்கார்டு 2016-ல் எல்லாவற்றையும் எளிமையாக்கியும் அந்த இரண்டு வட்டங்களை விடவில்லை, 2019-ல் பெயரையே எடுத்துவிட்டு வட்டங்களை மட்டும் நிற்க வைக்க முடிந்தது.

புது வரைவு வந்ததும் கறுப்பு வெள்ளையில், விரல் நகம் அளவில் ஒன்று அனுப்பு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்து, உங்கள் கம்பெனிதான் என்று தெரிகிறதா என்று உடனே சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா