நீர்நாய் பொம்மை: சனிக்கிழமைக்குள் பதில் தேவை

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

பாலர் பள்ளி நிறைவு நாளுக்குப் பிள்ளைகள் வரைந்த நீர்நாயையே தொழிற்சாலையில் பஞ்சு பொம்மையாகச் செய்யவைத்துக் கொடுக்கலாம் என்று பேசினோம். பீஷான் பூங்காவில் பார்த்ததிலிருந்து அவர்களுக்கு வேறு பேச்சே இல்லை!

ஜூலை 18, சனிக்கிழமை இரவு 9 மணிக்குள் செய்ய வேண்டியவை:

1. எத்தனை பொம்மை வேண்டும் என்று பிள்ளையின் பெயரோடு இங்கே எழுதுங்கள். எண்ணிக்கை கூடினால் ஒன்றின் விலை குறையும். அப்புறம் சேர்ப்பது கஷ்டம்.

2. வரையத் தெரிந்தவர்கள் கை கொடுங்கள். ஒரு படம் போதாது. முன், பக்கம், பின் என மூன்று கோணமும் வேண்டும். உயரம் 20 செ.மீ. வால் எவ்வளவு தடிமன், வயிறு எந்த நிறம் என்று நாம் குறிக்காவிட்டால் தொழிற்சாலை தன் இஷ்டத்துக்குச் செய்துவிடும். நீர்நாய் கேட்டு எலி வந்து சேரும்.

3. கண், மூக்கு, மீசை மூன்றும் நூல் தையல்தான். பிளாஸ்டிக் கண் அழகுதான், ஆனால் பல வீடுகளில் 3 வயது நிரம்பாத தம்பி தங்கைகள் இருக்கிறார்கள். கழன்றால் நேராக வாய்க்குத்தான் போகும்.

4. முதலில் ஒரே ஒரு மாதிரி பொம்மை வரவழைப்போம். புகைப்படத்தைப் பார்த்து ஒப்புதல் தர நான் தயாரில்லை. கையில் வாங்கி, தையலை இழுத்துப் பார்த்த பிறகே மொத்த ஆர்டர்.

பணம் இப்போது அனுப்ப வேண்டாம். மாதிரி வந்ததும் விலை சொல்கிறேன்.

வேண்டாம் என்பவர்களும் 'வேண்டாம்' என்று ஒரு வரி போடுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் கணக்கில் எடுக்கமாட்டேன், சரியா?