கடிதக் கட்டைக் காப்பாற்றித் தந்த ஐயாவுக்கு

பழைய கடிதக் கட்டை லமினேட் செய்யக் கொண்டுபோன எங்களைத் திருகோணமலைக் கடை வாசலில் தடுத்த, பெயர் சொல்லாமல் போன ஐயாவுக்கு நன்றி. கட்டுக்குள் இருந்தவை இரண்டாம் உலகப் போரில் மத்திய கிழக்கிலிருந்து வந்த கடிதங்கள். லமினேட் பிளாஸ்டிக்கைச் சூட்டில் ஒட்டினால் பிறகு பிரிக்கவே ஏலாது என்றீர்கள்.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், தாளுக்கும் ஊசிக்கும் இடையில் மெல்லிய பொலியெஸ்டர் தாள் துண்டைச் செருகி மெதுவாக நகர்த்தச் சொன்னீர்கள். விறைத்த மடிப்புக்கு ஈர ஒற்றுத்தாள் வைத்த மூடிய பெட்டி. ஈரம் கடிதத்தில் படக்கூடாது. ஆனால் சாயம் கலந்த கொப்பிப் பென்சில் எழுத்துக்கு அதுவும் ஆகாது. சாம்பலாகத் தெரிகிற வரி ஈரம் பட்டதும் ஊதாவாகிப் பரவிவிடும். எங்கள் கடிதங்களில் பாதி அப்படித்தான்!

உள்ளங்கையளவுப் பளபளப்புத் தாள்கள் பின்னாளில் எடுத்த பிரதி அல்ல, ‘எயார்கிராஃப்’. கடிதத்தைச் சிறு படச்சுருளில் எடுத்து அனுப்பி, வந்த இடத்தில் அச்சிட்டவை என்று விளக்கியதும் நீங்களே. ஊர்ப்பெயர் இல்லாமல் ‘எம்.ஈ.எவ்.’ (மத்திய கிழக்குப் படைகள்) என்று மட்டும் இருந்தது தணிக்கையால். உறைகளை எறியவிருந்தோம், தபால் முத்திரைத் திகதி அதில்தான் இருக்கிறதாம்.

மார்கழி மழைக்குள் கட்டை அவிழ்க்கவில்லை, ஐயா. பங்குனி வெயிலுக்குக் காத்திருக்கிறோம்.